மண் சுவர் பூசவும் மண்ணுக்குள் தேடவும் கைகொடுங்கள்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலம், டாவோஸ் வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சிற்றாலயம் அடோபியால், அதாவது சுடாத மண் செங்கல்லால், கட்டப்பட்டது. வரும் கோடையில் ஆறு வாரம் அதன் சுவர்களைச் செப்பனிடவும், சுவரடியில் அகழாய்வு செய்யவும் நிதி கேட்கிறோம். மண் ஊரிலேயே கிடைக்கிறது. திரளும் பணத்தில் பெரும்பகுதி ஊரிலுள்ள லத்தீனோ (ஸ்பானிஷ் பேசும் மரபில் வந்த) இளைஞர்களுக்குக் கூலியாகப் போகும்.

முதலில் சுவரின் நிலை. ஆண்டுதோறும் மண் பூசும் வேலை மிச்சமாகும் என்று நம்பி, போன நூற்றாண்டில் இந்தப் பக்கத்து ஆலயங்கள் பலவற்றுக்குக் கம்பிவலை அடித்து சிமெண்ட் பூசிவிட்டார்கள். ராஞ்சோஸ் டி டாவோஸில் உள்ள புகழ்பெற்ற சான் ஃபிரான்சிஸ்கோ டி அசிஸ் ஆலயத்துக்கு 1967இல் அப்படிப் பூசினார்கள். 1979இல் அதைப் பெயர்த்தெடுத்து மறுபடி மண்ணுக்கே திரும்பினார்கள். வெயிலிலும் பனியிலும் சிமெண்ட்டில் மயிரிழை வெடிப்பு விழும். அதில் இறங்கும் நீரும், தரையிலிருந்து ஏறும் ஈரமும் ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அடிச்சுவர் குழைந்து சேறாகும். வெளியே எதுவும் தெரியாது. தட்டிப் பார்த்தால்தான் பொள்ளல் ஓசை கேட்கும். எங்கள் வடக்குச் சுவர் இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறது.

சிமெண்ட்டை ஒரே மூச்சில் உரிக்கக்கூடாது. சில இடங்களில் அந்த ஓடுதான் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒரு மீட்டர் அகலம் திறந்து, கரைந்த செங்கல்லை மாற்றி, அது இறுகிய பிறகு ஓர் இடம் விட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். 25 x 35 x 10 செ.மீ. அளவுள்ள செங்கல் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். அறுத்து ஒரு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். பிணைக்கும் சாந்தும் அதே மண்தான்.

பூச்சுக்கு ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல், நறுக்கிய வைக்கோல். மண்ணை 6 மி.மீ. சல்லடையில் சலித்து, நீர்விட்டு ஓர் இரவு புளிக்கவிட வேண்டும். சுவரை நனைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 2 செ.மீ.க்கு மிகாமல் பூச வேண்டும். காய்ந்ததும் வெடித்தால் களி அதிகம். தேய்த்தால் உதிர்ந்தால் மணல் அதிகம். அதனால் மாதிரிப் பூச்சு போட்டுப் பார்க்காமல் சுவரில் கை வைப்பதில்லை. கடைசிப் பூச்சை என்ஹர்ராதோராக்கள், அதாவது மண் பூசுவதில் தேர்ந்த பெண்கள், ஆட்டுத்தோலால் தேய்த்து மெழுகுவார்கள். இந்தக் கைப்பக்குவம் இப்போது வயதானவர்களிடம்தான் மிஞ்சியிருக்கிறது. ஈரப் பூச்சு உறைந்தால் பெயர்ந்து விழும் என்பதால், செப்டம்பர் கடைசியில் உறைபனி தொடங்குமுன் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும்.

இனி அகழாய்வு. கூரைத் தூம்பிலிருந்து விழும் நீரைத் தள்ளிவிட, சுவர் ஓரமாக வடிகால் வெட்டியாக வேண்டும். ஆனால் பழைய ஆலயங்களைச் சுற்றிக் கல்லறைகள் இருக்கும். அடையாளக் கல் இல்லாதவையும் உண்டு. எந்திரத்தை விட்டுத் தோண்டினால் யாருடைய முன்னோரோ சிதைவார்கள். எனவே அனுமதி பெற்ற தொல்லியலாளர் மேற்பார்வையில், ஒரு மீட்டர் சதுரக் குழிகளில் பத்துப் பத்து செ.மீ.யாக இறங்கி, எடுத்த மண் அத்தனையையும் சலிப்போம். எலும்பு தெரிந்தால் அந்த நொடியே வேலை நிற்கும், குழி மூடப்படும், காவல்துறைக்குத் தகவல் போகும். யார் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பது ஊர்க் குடும்பங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வேடிக்கை பார்க்க, வெளியாட்கள் மட்டும் தோண்டிப் போவதை நாங்கள் ஏற்கவில்லை. குழிக் குறிப்பேடுகளை ஸ்பானிஷிலும் எழுதுவோம்.

ஊர்ப் பிள்ளைகள் தொல்லியல் பக்கம் வராததற்கு ஆர்வக்குறைவு காரணமில்லை. பல்கலைக்கழகக் களப்பயிற்சிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கோடைக்காலக் கூலியும் போய்விடும். இரண்டு நட்டத்தையும் தாங்கும் குடும்பங்கள் இங்கே குறைவு. அதனால் வாரம் 30 மணி நேரம், மணிக்கு 15 டாலர் என்று ஆறு வாரத்துக்கு ஒருவருக்கு 2,700 டாலர் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். எட்டுப் பேருக்கு 21,600 டாலர். கற்றுத்தரும் மூத்த பெண்கள் இருவருக்கு மணிக்கு 20 டாலர் வீதம் 7,200 டாலர். அவர்களைச் சும்மா வேலை வாங்குவது நியாயமில்லை. சாரம் வாடகை, தார்ப்பாய், சல்லடை, தொல்லியலாளர் ஊதியம் எல்லாம் சேர்த்து மேலும் 13,000 டாலர். ஆக மொத்தம் 41,800 டாலர். ஓர் இளைஞரின் ஒரு நாள் கூலி 90 டாலர். அதை மட்டும் ஏற்றுக்கொண்டாலும் போதும்.

பொருளாகத் தருவோர் வைக்கோல் கட்டு, தள்ளுவண்டி, கையுறை தரலாம். தீவனப் புல் வேண்டாம், அதிலுள்ள விதை சுவரிலேயே முளைத்துவிடும். சிமெண்ட் மூட்டை, பெயிண்ட், நீர்புகாப் பூச்சு ஆகியவற்றை அன்புடன் மறுக்கிறோம்.

மே மாத இறுதிக்குள் சேரும் தொகையை வைத்தே எத்தனை பேரை எடுப்பது என்று முடிவு செய்வோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவுசெலவுக் கணக்கு வேலை முடிந்த மாதமே ஆலய வாசலில் ஒட்டப்படும். பணம் அனுப்பிய அனைவருக்கும் அதன் நகல் வரும்.

இப்படிக்கு,
சிற்றாலயப் பராமரிப்புக் குழு