போலீஸ் திட்டம் வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஏதாவது கொடுமை நடந்தா மறுநாளே போலீஸ்ல ஒரு புதுத் திட்டம் அறிவிக்கிறாங்க, அது வேலை செஞ்சுதான்னு அப்புறம் யாரும் திரும்பிப் பாக்கிறதே இல்ல. மத்தியப் பிரதேசத்துல அப்படி விடல. 180 போலீஸ் ஸ்டேஷனை எடுத்து குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பகுதியில மட்டும் பெண்கள் உதவி மேசை வச்சாங்க, அதாவது புகார் சொல்ல வர்ற பொண்ணு பத்து பேர் முன்னாடி நின்னு பேசாம தனியா உக்காந்து சொல்ல ஒரு இடம், கேக்கிறதுக்கு ட்ரெய்னிங் எடுத்த போலீஸ்காரங்க. மத்த ஸ்டேஷன் பழையபடியே. ரிசல்ட் 2022ல சயின்ஸ்ங்கிற ஆய்வு இதழ்ல வந்துச்சு. மேசை இருந்த ஸ்டேஷன்ல பெண்களோட புகார் அதிகமா பதிவாச்சு, எஃப்ஐஆர் கூடினது முக்கியமா பெண் போலீஸ் நடத்தின மேசையில. தயவுசெஞ்சு இதை குற்றம் கூடிருச்சுன்னு தலைப்பு போடாதீங்க சார், முன்னாடி திருப்பி அனுப்பினது இப்ப பதிவாகுது, அவ்ளோதான்.

இப்படிச் சோதிக்கிறது புதுசும் இல்ல. அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டி போலீஸ் 1972லயே 15 ஏரியாவை மூணா பிரிச்சு, ஒண்ணுல ரோந்தை நிறுத்தி, ஒண்ணுல வழக்கம்போல விட்டு, இன்னொண்ணுல ரெண்டு மூணு மடங்காக்கிப் பாத்தாங்க. குற்றத்துல பெரிய வித்தியாசமே இல்ல.

நம்ம தமிழ்நாட்டுல அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992லயே வந்துருச்சு. அங்க வர்ற புகார்ல எத்தனை எஃப்ஐஆர் ஆகுது, எத்தனை சமாதானம் பேசி அனுப்பப்படுதுன்னு அந்தக் கணக்கை பேர் விவரம் இல்லாம போலீஸ் பல்கலைக்கழகங்களுக்குக் குடுக்கட்டும், அவங்க அலசட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை