ஓட்டக்காரியின் அம்மாவுக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடிதத்தைவிட அதோடு மடித்து வைத்திருந்த துண்டுத் தாள்தான் என்னை ரொம்ப நேரம் பிடித்துவைத்தது. மகள் ஓடிய 3000 மீட்டரைச் சுற்றுச் சுற்றாக ஸ்டாப்வாட்சில் பிடித்து எழுதியிருக்கிறாயே, அது. கணக்குப் பரீட்சை என்றாலே காய்ச்சல் வரவழைத்துக்கொள்பவள் நீ. இன்று கூட்டிக் கழித்து, ஓரத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி வேறு போட்டிருக்கிறாய்!

போன வருடம் போன இடமெல்லாம் ஜெயித்தவள் இந்த வருடம் ஏன் இப்படி நின்றுபோனாள், பயிற்சி பத்தவில்லையா, கோச்சை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் அந்தத் தாள்.

ஒரு சுற்று 400 மீட்டர். முதல் அரைச் சுற்று 36 நொடி. பிறகு 74, 78, 81, 84, 86, 88, கடைசிச் சுற்று 81. மொத்தம் 10 நிமிடம் 8 நொடி. இதே நேரத்தை ஒரே சீராக ஓடினால் சுற்றுக்கு 81 நொடிதான் வரும். முதல் 600 மீட்டரிலேயே அந்தக் கணக்கைவிடப் பதினோரு நொடி முந்திவிட்டு, நடுச் சுற்றுகளில் வட்டியோடு திருப்பிக் கட்டியிருக்கிறாள். அவ்வளவு வேகமாகக் கிளம்பினால் ஆக்சிஜன் வந்து சேரும் வேகத்துக்குத் தசைகள் காத்திருக்காது. வேறு வழியில் சக்தியை எடுத்துக்கொள்ளும், அமிலம் ஏறும், கால் கனக்கும். அப்படி ஏறியது, வேகத்தைக் குறைத்தால் ஒழிய இறங்காது. முதல் மூன்று சுற்றை 80, 81 என்று யாராவது ஒருத்தியின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடியிருந்தால் பத்து நிமிடத்தைத் தொட்டிருப்பாள் என்பது என் கணிப்பு.

எனக்குப் பிடித்தது கடைசி இரண்டு எண்கள். 88க்குப் பிறகு 81! கால் செத்துப்போனவளால் அடுத்த சுற்றிலேயே ஏழு நொடி குறைக்க முடியாது. முன்னால் போனவள் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டாள், பின்னால் வருபவளின் காலடிச் சத்தமும் கேட்கவில்லை. அந்த நடுவெளியில் தனியாக ஓடும்போது கவனம் எங்கேயோ போய்விடும். 1500 மீட்டரிலும், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பதற்கு முந்தைய சுற்றில் இதேதான் நடக்கும். மணி கேட்டதும் எல்லோருக்கும் திடீரென்று உயிர் வரும். அவளிடம் ஒரே ஒரு வேலையைக் கொடு: பாதித் தூரம் தாண்டியதும் முன்னால் ஓடுபவளின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், அந்த இடைவெளி கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம், வளைவில் இரண்டாம் தடத்தில் ஓடி முந்த முயல்கிறாள் என்று எழுதியிருந்தாய். இரண்டாம் தடத்தில் ஒரு முழுச் சுற்று ஓடினால் ஏழு மீட்டருக்கு மேல் கூடுதல். முந்துவதெல்லாம் நேர்ப் பாதையில்.

சரி, இப்போது பெரிய விஷயம். பதினைந்து வயதுப் பெண்ணின் நேரம் ஒரு வருடம், ஏன் இரண்டு வருடம்கூட, நகராமல் நிற்பது சாதாரணம். இடுப்பு அகலமாகிறது, எடை கூடுகிறது, உயரம் கூடிய கால்களை எங்கே வைப்பது என்று உடம்பு புதிதாகப் பழகுகிறது. கூடப் படிக்கும் பையன்களுக்கு இதே வயதில் தசை வளர்ந்து, இரத்தத்தில் சிவப்பணு கூடி, சும்மா இருந்தாலே நேரம் குறையும். அவர்களோடு ஒப்பிட்டால் இவளுக்கு அழுகைதான் வரும். நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளில் இந்த மேட்டைத் தாண்டிப் போன பெண்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் முன்னைவிடப் பலமாக ஓடுகிறார்கள். தாண்டாமல் போனவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் பயந்து, ஓட்டத்தைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைத்தவர்கள்.

அதனால்தான் உன் கடிதத்தில் "கொஞ்சம் இளைத்தால் வேகம் வரும் என்று ஒருவர் சொன்னார்" என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் சொன்னாலும் அந்தப் பேச்சை வீட்டு வாசலோடு நிறுத்து. மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண் 2013இல், 17 வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நின்றவர். எடையைக் குறை, குறை என்று நெருக்கியதில் மூன்று வருடம் மாதவிலக்கு நின்றுபோய், ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019இல் அவரே வெளியில் வந்து சொன்னார். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு முதலில் கைவைப்பது மாதவிலக்கில்தான். மாதவிலக்கு நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும், எலும்பு வலுப்பெறாது. வாழ்நாள் முழுக்க வேண்டிய எலும்பைச் சேர்க்கும் வயது இது. மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால், "ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான்" என்று யாராவது சமாதானம் சொல்வதற்குள் டாக்டரிடம் கூட்டிப் போ. அவள் உன்னிடம் இதையெல்லாம் பேசுகிறாளா? பேச வெட்கப்பட்டால் என்னிடம் பேசச் சொல்.

இன்னொன்று இரும்புச்சத்து. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, சாதாரண ஓட்டமே பாரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. தூர ஓட்டக்காரப் பெண்களிடம் இந்தக் குறை ரொம்ப சகஜம்: மாதவிலக்கில் போகிறது, தரையில் கால் அடிக்க அடிக்கச் சிவப்பணு உடைகிறது, கடுமையாக ஓடிய சில மணி நேரத்துக்குக் குடல் இரும்பை உறிஞ்சுவதும் குறைகிறது. பரிசோதித்துப் பார்க்காமல் நீயாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதே, இரும்பு கூடினாலும் கெடுதல்தான்.

கோச் விஷயம். பள்ளிக் கோச் செவ்வாய்க்கிழமை 400 மீட்டரைப் பன்னிரண்டு முறை ஓடவைக்கிறார், கிளப் கோச் புதன்கிழமை 800 மீட்டரை ஆறு முறை ஓடவைக்கிறார், சனிக்கிழமை போட்டி. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் சொல்வதில் தப்பே இல்லை. இரண்டையும் சேர்த்து ஓடுபவள் ஒருத்தி, அவ்வளவுதான். இதில் கோச்சை மாற்றி என்ன ஆகப்போகிறது? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடு. என்ன ஓடினாள், எவ்வளவு தூங்கினாள், கால் எப்படி இருந்தது என்று தினமும் ஒரு வரி எழுதி இரண்டு பேரிடமும் காட்டட்டும். வாரத்தில் இரண்டு நாள் கடுமையான ஓட்டம், அதில் போட்டியும் சேர்த்தி. மீதி நாள் பக்கத்தில் ஓடுபவளோடு கதை பேசிக்கொண்டே ஓடும் வேகம். உச்சத்தில் இருக்கும் தூர ஓட்டக்காரர்களே பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அப்படி மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். நம் பிள்ளைகளோ மெதுவாக ஓட வேண்டிய நாளிலும் ஒருத்தியை ஒருத்தி அரையடி முந்தி முந்தி அதையே பந்தயமாக்கிவிடுகிறார்கள். அவர்களை மெதுவாக ஓடவைப்பதுதான் என் வேலையிலேயே கஷ்டமான வேலை.

பள்ளிக்குப் புள்ளி வேண்டும் என்பதற்காக ஒரே போட்டியில் 800, 1500, 3000 மூன்றிலும் இறக்குகிறார்களாமே. தகுதிச் சுற்றுகளையும் சேர்த்தால் இரண்டு நாளில் ஐந்து ஓட்டம்! எப்போதாவது ஒருமுறை என்றால் சரி, ஒவ்வொரு போட்டியிலும் என்றால் தாயாக நீ போய் மறுத்துத்தான் ஆகவேண்டும். பிள்ளையால் கோச்சிடம் முடியாது என்று சொல்ல முடியாது.

முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றால் ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல். எலும்பு நெடுகப் பரவலாக வலித்தால் சில நாள் ஓய்வில் பெரும்பாலும் சரியாகும். ஒரே இடத்தில் விரலை வைத்து "இங்கேதான்" என்றாலோ, ராத்திரி படுத்த பிறகும் வலித்தாலோ அன்றோடு ஓட்டத்தை நிறுத்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் மறுபடியும் ஸ்பைக்ஸ், அந்த ஆணி வைத்த ஓட்டக் காலணி. அந்தப் புதிய மாதிரி ஸ்பைக்ஸைப் போட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அடியில் தகடும் துள்ளும் ஃபோமும் இருப்பதால் வேகம் வருவது உண்மைதான், ஆனால் தினமும் அதிலேயே ஓடினால் கெண்டைக்கால் புலம்ப ஆரம்பித்துவிடும்.

இந்த வருடம் பெரிய போட்டிகளில் ஆறாவது, எட்டாவது என்று வருகிறாளே என்று வருத்தப்பட்டிருக்கிறாய். ஜிம் ரியன் என்ற அமெரிக்க ஓட்டக்காரர் 1964இல் பள்ளி மாணவனாக ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடினார், 3 நிமிடம் 59.0 நொடி. பள்ளி மாணவர்களில் அதுவரை யாரும் செய்யாதது. அந்த ஓட்டத்தில் அவருக்கு எத்தனையாவது இடம் தெரியுமா? எட்டாவது. தன்னைவிட வேகமான ஏழு பேர் முன்னால் இழுத்துக்கொண்டு போனதால் வந்த நேரம் அது. உன் மகள் போன வருடம் தனியாக முன்னால் ஓடி ஜெயித்தபோது கற்றுக்கொண்டதைவிட இந்த வருடம் நிறையக் கற்கிறாள். கென்யாவின் ஃபெய்த் கிப்யெகன் 2011இல், 17 வயதில், உலக கிராஸ் கன்ட்ரி (மைதானத் தடத்தில் அல்லாமல் திறந்தவெளியில் ஓடுவது) ஜூனியர் ஓட்டத்தை வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். 1500 மீட்டரை 3 நிமிடம் 50 நொடிக்குள் ஓடிய முதல் பெண் ஆனது 2023இல். நடுவில் குழந்தையும் பெற்றார். பன்னிரண்டு வருடம், தோழி! நீ என்னடா என்றால் பதினைந்து வயதிலேயே கணக்கை முடித்துவிடப் பார்க்கிறாய்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்கிறேன். ட்ராக் ஓரத்தில் நின்று "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று கத்தாதே. வேகமாக ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? கத்தித்தான் தீருவேன் என்றால் சுற்று நேரத்தைச் சொல், பயன்படும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் போட்டியைப் பற்றி அவளாக ஆரம்பிக்கும்வரை நீ வாய் திறக்காதே. உன் வாயைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

என் பக்கத்துச் செய்தி அதிகம் இல்லை. முழங்கால் ஓட்டத்தைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது, அதனால் சைக்கிளில் பிள்ளைகளுக்குப் பின்னால் போகிறேன். இந்த முறை வந்திருக்கும் புதிய கூட்டத்தில் ஒரு பையன் இருக்கிறான், ஓடும்போது தோளைக் காதுவரை தூக்கிக்கொள்வான், கையை மார்புக்குக் குறுக்கே வீசுவான், பார்க்கவே சகிக்காது, ஆனால் யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை. அவன் ஓட்டத்தைத் திருத்துவதா வேண்டாமா என்று என் உதவியாளரோடு தினமும் சண்டை. நான் கைவைக்க வேண்டாம் என்கிற கட்சி. இன்னொரு பெண், நல்ல கால், போன மாதம் வந்து "டீச்சர், எனக்கு ஓட்டம் அலுத்துவிட்டது" என்று சொல்லிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போய்வா என்று சொன்னேன்.

நாம் பள்ளியில் ஓடிய காலத்தை நினைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. அப்போது ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு 5000 மீட்டர் கிடையாது, 1996இல்தான் வந்தது. 1928இல் ஓடவிட்ட 800 மீட்டரையே பெண்களுக்கு ஆகாது என்று தூக்கிவிட்டு 1960இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். 3000 மீட்டரில் உன் மகள் எத்தனையாவது என்று நாம் இன்று கவலைப்படுகிறோம்!

ஃபெரிட்டின் முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு. அடுத்த போட்டியின் சுற்று நேரங்களையும் எழுதி வை, அந்தச் சிவப்புக் கேள்விக்குறி இல்லாமல். விடுமுறைக்கு அவளை இங்கே அனுப்புவதாகச் சொன்னாயே, நிஜமாகவே அனுப்பு. முதல் வாரம் ஸ்டாப்வாட்சே கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் வந்ததும் என்னோடு சண்டைக்கு நிற்பாள். உன்னைப் போலத்தானே இருப்பாள்.

அன்புடன்,
உன் பழைய ஓட்டத் துணை