பூங்காப் புல்தரைகளில் புளியாரையை விட்டுவைக்கக் கோரி மனு

அனுப்புநர்
பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு ஆர்வலர்கள்

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: வெளிர் புல்நீலன் பட்டாம்பூச்சி – பூங்காக்களில் புல் வெட்டும் முறையை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நகராட்சிப் பூங்காக்களில் 15 நாளுக்கு ஒருமுறை புல்லை ஒட்ட வெட்டி, களைக்கொல்லியும் அடிக்கிறார்கள். இதில் அழிவது தரையோடு படரும் புளியாரைச் செடி. அதை நம்பி வாழும் வெளிர் புல்நீலனும் கூடவே அழிகிறது.

இதன் பெண் பூச்சி புளியாரை இலையின் அடியில் முட்டைகளைத் தனித்தனியாக இடும். புழு இலை நிறத்திலேயே இருப்பதால் வெட்டுபவர் கண்ணில் படாது. முட்டை பட்டாம்பூச்சியாகச் சுமார் ஒரு மாதம் ஆகும். 15 நாளில் வெட்டினால் எந்தத் தலைமுறையும் சிறகு விரிக்காது. தப்பும் புழுக்களும் வெட்டிய புல்லோடு அள்ளப்பட்டுக் குப்பைக்குப் போகின்றன.

தென்னிந்தியாவில் இருப்பது இப்பூச்சியின் ஓசா எனும் துணையினம். இமயமலையில் மஹா, ஜப்பானில் அர்ஜியா, ஒகினாவாவில் ஒகினவானா எனப் பகுதிக்கொரு வகை உண்டு. எனவே இங்கே அழியவிட்டு, வேறெங்கிருந்தோ வாங்கிவந்து பறக்கவிடுவது ஈடாகாது; துணையினங்கள் கலந்துவிடும். 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்தின் பாதிப்பை அறிய ஜப்பானிய ஆய்வாளர்கள் தேர்ந்ததும் இந்தப் பூச்சியையே. மனிதர் புழங்கும் இடத்திலேயே வாழ்வதால் அங்குள்ள சூழலின் நிலையை இது காட்டிவிடும்.

ஆகவே ஒவ்வொரு பூங்காவிலும் புல்தரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வெட்டி 5 வாரம் கழித்தே மறுபாதியை வெட்ட வேண்டுகிறோம். இயந்திரத்தின் கத்தியை 8 செ.மீ. உயரத்தில் வைத்தால் தரையோடு படரும் புளியாரை பெரும்பாலும் தப்பும். வெட்டிய புல்லை 2 நாள் அங்கேயே விட்டு அள்ளினால் புழுக்கள் இறங்கிக்கொள்ளும். புளியாரை உள்ள இடத்தில் களைக்கொல்லி அறவே வேண்டாம். தேவையற்ற களையைக் கையால் பிடுங்கலாம்.

இந்தப் பூச்சியைக் கணக்கெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. வறண்ட காலத்தில் அடிச்சிறகுப் புள்ளிகள் மங்கிவிடும். அதை வேறு வகையென்று பதியக்கூடாது. முன்சிறகின் நடு அறையில் (நரம்புகள் சூழ்ந்த நடுப்பகுதியில்) ஒரு புள்ளி உண்டா என அடிப்புறத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். வெளிர் புல்நீலனுக்கு அந்தப் புள்ளி உண்டு; அதைப்போலவே தோன்றும் சிறு புல்நீலனுக்குக் கிடையாது. ஆனால் கரும் புல்நீலனுக்கும் உண்டு. அதனால் ஆணின் சிறகின் மேற்புறம் வெளிர்நீலமா என்பதையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்த பருவமழைக்கு முன் பூங்காப் பணியாளர்களுக்கு இதற்கான உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு ஆர்வலர்கள்