மறுபடி ஓட்டுப் போடச் சொல்லலாமா, பெரியப்பா?

பாஸ்டன், லிங்கன்ஷயர்
12.4.2019

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நானும் அவரும் பிள்ளையும் இங்கே நலம். உங்கள் நலமும் பெரியம்மா நலமும் அறிய ஆவல். கஜா புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் வேர் பிடித்துவிட்டனவா? அண்ணன் அனுப்பிய போட்டோவில் பச்சையாகத்தான் தெரிந்தது.

ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவது (பிரெக்ஸிட்) பற்றிப் போன வாரம் போனில் ஒன்று கேட்டீர்கள். "ஜனங்க ஓட்டுப் போட்டு வெளியே போறோம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் மூணு வருஷமா என்ன நாடகம்? அதையே மாத்தப் பாக்குறாங்களாமே, இது நியாயமா?" நான் பதில் சொல்லத் தொடங்கியதும் உங்களுக்குக் காது கேட்கவில்லை, எனக்கும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கும் முன் ஒரு பரீட்சை எழுத வேண்டும். 24 கேள்வி, 18 சரியாக இருக்க வேண்டும். அதற்குப் படித்துப் படித்து இந்த நாட்டுப் பாராளுமன்றம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. இது அமெரிக்க பாஸ்டன் இல்லை, இங்கிலாந்தில் இருக்கிற பாஸ்டன். அந்த ஊருக்கே பெயர் இங்கிருந்துதான் போனது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது. எல்லாம் சதுப்பு நிலத்தை வடித்து எடுத்த மண். எங்கே பார்த்தாலும் வாய்க்கால், மதகு, பம்ப் செட். பல மைலுக்கு அப்பாலிருந்தே மாதா கோயில் கோபுரம் தெரியும், மன்னார்குடிக்குள் நுழையுமுன்பே ராஜகோபாலசுவாமி கோபுரம் தெரிகிற மாதிரி. நமக்குத் தண்ணீர் வரவேண்டுமே என்று கவலை, இவர்களுக்குத் தண்ணீர் போகவேண்டுமே என்று கவலை. நெல்லுக்குப் பதில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு. கடல் காற்று மட்டும் நம் ஊர்க் காற்று இல்லை, ஏப்ரலிலும் காதை அறுக்கிறது.

இந்தக் கோஸ் வயல்களில் குனிந்து வேலை செய்வது பெரும்பாலும் லிதுவேனியா, போலந்து, லாட்வியா நாட்டுக்காரர்கள். 2004-ல் அந்த நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு விசா இல்லாமல் வந்தவர்கள். விடியுமுன்பே வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். கடைத்தெருவில் பாதி போர்டு அவர்கள் மொழியில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில்தான் 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 75.6 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். நாட்டிலேயே அதுதான் உச்சம். மொத்த நாட்டுக் கணக்கு அவ்வளவு ஒருபக்கமாக இல்லை: வெளியேற 51.9, இருக்க 48.1. ஒரு கோடியே 74 லட்சம் பேர் ஒரு பக்கம், ஒரு கோடியே 61 லட்சம் பேர் மறுபக்கம். லண்டனில் பத்துக்கு ஆறு பேர் இருக்கத்தான் சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம்.

நானும் அதில் ஓட்டுப் போட்டேன், உங்களுக்குச் சொன்னேனா தெரியவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே முறைப்படி வசித்தால் ஓட்டு உண்டு. வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத எனக்கு, இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஓட்டு. என்னோடு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் லிதுவேனியாக்காரி 2006-ல் வந்தவள். பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கிலீஷ் மட்டும் பேசுகிறார்கள். அவளுக்கு ஓட்டு இல்லை. அவள் இங்கே இருக்கலாமா என்பதும் சேர்த்துத்தான் கேள்வி, அதற்கு நான் பதில் எழுதுகிறேன், அவள் நைட் டியூட்டி பார்க்கிறாள். வேடிக்கை என்னவென்றால், 18-ந் தேதி நம் ஊரில் நடக்கிற தேர்தலில் ஓட்டுப் போட நான் நேரில் வந்து நின்றால்தான் உண்டு.

நான் இருப்பதற்குத்தான் போட்டேன். லெஸ்டரில் ஹோட்டல் வைத்திருக்கிற நம் தமிழர் ஒருவர் வெளியேறப் போட்டார். போலந்துக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வரலாம், தோசை மாஸ்டரை மன்னார்குடியிலிருந்து கூட்டிவர மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்பது அவர் வாதம். பிரீத்தி படேல் போன்ற எம்.பி.க்களும் அன்றைக்கு அப்படித்தான் பேசினார்கள். மாஸ்டர் இன்னும் வந்தபாடில்லை. ஆனால் ஐரோப்பாவிலிருந்து புதிதாக வருகிற நர்ஸ்கள் குறைந்துபோனார்கள், அதனால் ஆஸ்பத்திரிகள் கேரளாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் ஆள் தேடிப் போகின்றன. நம் பக்கத்துப் பெண்களுக்கு அதில் லாபம்தான், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார், எழுபது வயது. கோஸ் வெட்டி, லாரி ஓட்டி, ஓய்வு பெற்றவர். என் பிள்ளைக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். வெளியேறத்தான் ஓட்டுப் போட்டார். வெளிநாட்டுக்காரர்கள் மேல் வெறுப்பா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் சொன்னது வேறு கணக்கு. ஒரே வீட்டில் பத்துப் பேர் பங்கு போட்டு வாடகை கொடுக்க ஆள் வந்தபின் ஊர் வாடகை ஏறியது, வயல் கூலி ஏறவில்லை, டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, லண்டனில் யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஒரு தடவை நாங்கள் பதில் சொன்னோம், இப்போது அது தப்பான பதில், மறுபடி எழுது என்கிறார்கள் என்றார். இன்னொரு வாக்கெடுப்பு வைத்தால் இனி எந்தத் தேர்தலுக்கும் பூத் பக்கமே போகமாட்டாராம்.

எனக்கு உடனே நம் கிராம சபைதான் நினைவுக்கு வந்தது. 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டது நமக்குப் பிறகுதானே தெரிந்தது? இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் பேசிக்கொண்டே வந்து 2013 டிசம்பரில் அந்த அலைச்சலிலேயே போய்ச் சேர்ந்தார். வேண்டாம் என்று தீர்மானம் எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது நீங்கள். 2015-ல் மாநில அரசு தடை போட்டது. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் என்று வேறு பெயரோடு வந்து நின்றது. வேண்டாம் என்றவனிடம் சரி என்கிறவரை வந்துகொண்டே இருந்தால் எப்படி எரியும் என்று நமக்குத் தெரியும். அதனால் தாத்தாவின் கோபத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் பெரியப்பா, மீத்தேன் வேண்டாம் என்றபோது எதை வேண்டாம் என்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருந்தது. இங்கே வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா? வெளியேறி எங்கே போவது? நார்வே மாதிரி ஐரோப்பியப் பொதுச் சந்தையில் மட்டும் இருப்பதா, கனடா மாதிரி வியாபார ஒப்பந்தம் போடுவதா, ஒன்றுமில்லாமல் குதிப்பதா? ஒன்றும் எழுதவில்லை. பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்தைப் பாருங்கள். 1998 சமாதான ஒப்பந்தத்தை அந்த மக்கள் 71 சதவீதம் ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். அந்தச் சமாதானத்தால்தான் இன்று அவர்களுக்கும் ஒன்றியத்தில் இருக்கிற அயர்லாந்து நாட்டுக்கும் நடுவே உள்ள எல்லையில் லாரி நிற்காமல் போகிறது. பிரிட்டன் சந்தையையும் சுங்கக் கூட்டையும் விட்டால் அங்கே எங்காவது ஒரு சுங்கச் சோதனை வந்தாக வேண்டும். ஒரு வாக்கெடுப்பை நிறைவேற்றப்போய் இன்னொன்றைக் குலைக்கிற நிலை.

காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் மன்றம் 2007-ல் நமக்கு 419 டிஎம்சி என்றது. அது அரசிதழில் ஏறவே 2013 ஆயிற்று. போன வருஷம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்திலிருந்து எல்லையில் பிலிகுண்டுலுவுக்கு வரவேண்டிய 192 டிஎம்சியை 177.25 ஆகக் குறைத்தது. அன்று நீங்கள் மத்தியானம் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னார்கள். முடிவானதைத் தொடக்கூடாது என்று நீங்கள் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தத் தீர்ப்பில் எந்த மாதம் எத்தனை டிஎம்சி என்று கணக்கு இருந்தது, அதை வைத்துத்தான் சண்டை போட்டோம். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் உண்டு என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருந்தால் ஆளுக்கொரு அளவு சொல்லியிருப்பார்கள். இங்கே நடப்பது அதுதான்.

பிரதமர் தெரசா மே ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசிக் கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தம் 585 பக்கம். ஜனவரியில் பாராளுமன்றத்தில் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது, மார்ச்சில் 149, அப்புறம் 58. வெளியேற வேண்டும் என்று உரக்கக் கத்திய எம்.பி.க்கள் பலரே எதிர்த்துப் போட்டார்கள், இது அவர்கள் கேட்ட வெளியேற்றம் இல்லையாம். மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை ஓட்டுக்கு விட்டதில் எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. முந்தாநாள் ராத்திரி, வெளியேற அக்டோபர் 31 வரை தவணை வாங்கியிருக்கிறார்கள்.

சட்டப்படி திரும்ப வழி இருக்கிறது. 2015-ல் போட்ட வாக்கெடுப்புச் சட்டத்தில் முடிவை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று ஒரு வரி கிடையாது. போன டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வெளியேறும் நோட்டீஸை பிரிட்டன் தானாகவே திரும்பப் பெறலாம், மற்ற நாடுகளைக் கேட்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அப்படியே ரத்து செய்யுங்கள் என்று 60 லட்சம் பேர் பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள், எங்கள் வார்டு டாக்டர்கள் உட்பட. நான் போடவில்லை. ஓட்டுக்கு முன்னால் அரசாங்கம் வீட்டுக்கு வீடு ஒரு பிரசுரம் அனுப்பியது. இது உங்கள் முடிவு, நீங்கள் முடிவெடுப்பதை அரசு நிறைவேற்றும் என்று அச்சடித்திருந்தது. தாத்தா அதை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். சட்டத்தில் இல்லாவிட்டால் என்ன, கொடுத்த வாக்குத்தானே? மக்களைக் கேட்டு எடுத்ததை மக்களைக் கேட்காமல் அழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரசாரத்தில் தில்லுமுல்லு நடந்ததே, அதனால் அந்த வாக்கெடுப்பே செல்லாது என்று இன்னொரு தரப்பு. நடந்தது உண்மைதான். வெளியேறும் பக்கத்துப் பிரதான அமைப்பு செலவு வரம்பை மீறியது என்று தேர்தல் ஆணையம் 61,000 பவுண்டு அபராதம் போட்டது. 2016-ல் தஞ்சாவூரில் பணம் விளையாடியது என்று தேர்தலையே ரத்து செய்து நவம்பரில் திரும்ப நடத்தினார்களே, அது ஓட்டுப் போடுமுன்பே நிறுத்தியது. போட்டு முடித்து மூன்று வருஷம் கழித்து எப்படி அழிப்பது? ஆச்சரியம், சுவிட்சர்லாந்தில் இந்த வாரம்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தம்பதியர் வரி பற்றிய 2016 வாக்கெடுப்பு செல்லாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கப்படுவது 80,000 தம்பதிகள் என்று அரசு சொல்லியிருந்தது, உண்மையில் நாலரை லட்சத்துக்கும் மேல்.

மறுபடி கேட்ட நாடுகளும் உண்டு. டென்மார்க் 1992-ல் ஒரு ஐரோப்பிய ஒப்பந்தத்தை மயிரிழையில் நிராகரித்தது. சில விலக்குகளைப் பேசி வாங்கிக்கொண்டு 1993-ல் மறுபடி கேட்டபோது ஏற்றது. அயர்லாந்து 2008-ல் வேண்டாம் என்ற இன்னொரு ஐரோப்பிய ஒப்பந்தத்தை, சில உத்தரவாதங்கள் வந்தபின் 2009-ல் 67 சதவீதத்தோடு ஏற்றது. இதையெல்லாம் மக்களை மிரட்டி வாங்கியது என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் இரண்டாம் தடவை மேஜைமேல் வேறு காகிதம் இருந்தது.

அதனால் என் பதில் இது. 2016 கேள்வியை அப்படியே திரும்பக் கேட்டால் தாத்தா சொல்வதுதான் நியாயம், அது பதிலைத் திருத்தச் சொல்வது. ஆனால் இதோ 585 பக்கம், இப்படித்தான் வெளியேறுவோம், இது வேண்டுமா, இருந்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்கலாம். மறுபடியும் வெளியே என்று வந்தால் எம்.பி.க்கள் வாயை மூடிக்கொண்டு நிறைவேற்ற வேண்டும். ஏப்ரல் முதல் தேதி பாராளுமன்றத்தில் இதே யோசனை 280-க்கு 292 என்று பன்னிரண்டு ஓட்டில் தோற்றுப்போயிற்று. பன்னிரண்டு பேர்!

இதைத் தாத்தாவிடமும் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. அப்போது நான் கேட்டேன், 1975-லும் இதே கேள்விக்கு வாக்கெடுப்பு நடந்ததே, அதில் என்ன போட்டீர்கள் என்று. இருக்கத்தான் போட்டாராம், வெறும் சந்தை என்று சொன்னதை நம்பி. அன்று 67 சதவீதம். அப்படியானால் 2016-ல் நீங்களும் ஒரு வாக்கெடுப்பைத்தானே மாற்றினீர்கள் என்றேன். நாற்பது வருஷம் பொறுத்து மாற்றினோம், நீங்களும் நாற்பது வருஷம் பொறுங்கள் என்று சிரித்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

லிதுவேனியாக்காரி இப்போது இங்கே தங்குவதற்குப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு 65 பவுண்டு என்று வைத்திருந்த கட்டணத்தை எடுத்துவிடுவதாக ஜனவரியில் அறிவித்தார்கள். நமக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. வருஷக் கடைசியில் நாங்கள் விண்ணப்பிக்கும்போது ஆளுக்கு 2,389 பவுண்டு, மூன்று பேருக்கும். அதனால் அண்ணன் போர்வெல் போடக் கேட்ட பணத்தை உடனே அனுப்ப முடியாது, நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். குறுவைக்கு மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கிற மாதிரி இருக்கிறதா, இல்லை போன வருஷம் மாதிரி இழுக்குமா? அதைப் பார்த்துக்கொண்டு போர்வெல்லை முடிவு செய்யலாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

18-ந் தேதி வெயில் ஏறுமுன்பே போய் ஓட்டுப் போட்டுவிடுங்கள். பெரியம்மாவையும் கூடவே கூட்டிப் போங்கள், சமையலை முடித்துவிட்டு வருகிறேன் என்று போன தடவை மாதிரி நின்றுவிடப் போகிறார்கள். யாருக்குப் போடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டீர்கள். பிரஷர் மாத்திரை தீர்ந்தால் அண்ணனிடம் உடனே சொல்லுங்கள். சித்திரைப் பிறப்புக்கு எல்லோருக்கும் எங்கள் வாழ்த்து.

இப்படிக்கு,
அன்பு மகள்
செல்வி