தீபாவளிக்கு எந்தப் படம்? மகனுக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை இல்லை என்பதால் இந்த முறை உன்னால் ஊருக்கு வர இயலாது என்ற செய்தி எங்களுக்கு வருத்தமளித்தாலும், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பிந்துலுவில் உன் வாடகை வீட்டுக்கு நண்பர்களை அழைத்து விருந்து வைத்து, மாலையில் ஒரு தமிழ்ப் படமும் போட்டுக் காட்டப்போகிறாய் என்று கேட்டதும் மனம் சற்று ஆறியது. எந்தப் படத்தைப் போடலாம் என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் பேசினால் அப்பா நடுவில் புகுந்து எம்.ஜி.ஆர். படங்களை அடுக்கத் தொடங்கிவிடுவார் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

பண்டிகை நாள் படத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்ததிலிருந்து இரவு வரை வாசற்கதவு திறந்தே கிடக்கிற வீட்டில், பக்கத்து மலாய்க் குடும்பமும், அப்பாவோடு ஆலையில் வேலை செய்த சீன நண்பர்களும், தோட்டத்து லயத்து வீடுகளில் நம்மோடு இருந்துவிட்டு இப்போது தாமான் குடியிருப்புகளில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப்போன உறவுகளும் நேரம் பார்க்காமல் வந்து போகும்போது, யார் எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாலும் படம் புரிய வேண்டும். சிராப் பானம் கலக்குவதற்கு எழுந்து போனவர் திரும்பி வந்து, "என்ன ஆயிற்று?" என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். படம் உயர்ந்ததா, மட்டமானதா என்பது வேறு வழக்கு. மிக உயர்ந்த படங்கள் சிலவற்றை நான் தீபாவளியன்று வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

இந்த அளவுகோலுக்கு முழுமையாகப் பொருந்துவது 1964 தீபாவளிக்கு வெளிவந்த 'நவராத்திரி'. அது சிவாஜியின் நூறாவது படம், ஏ. பி. நாகராஜன் இயக்கியது. வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண் ஒன்பது இரவுகளில் ஒன்பது ஆண்களைச் சந்திக்கிறாள். அந்த ஒன்பது பேரும் சிவாஜியே. இதைவிட விருந்தாளிகளுக்கு வசதியான கதை அமைப்பு இருக்க முடியுமா? மருத்துவர் சிவாஜி வரும்போது எழுந்து போனவர் விவசாயி சிவாஜி வரும்போது வந்து உட்காரலாம். அவருக்கு ஒன்றும் குறையாது. எல்லோரும் சிவாஜியையே புகழ்ந்தாலும், ஒவ்வோர் இரவும் ஒரு புதிய மனிதருக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டே போகிற சாவித்திரிதான் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார் என்பது என் கட்சி. லயத்தில் நமக்கு எதிர்வீட்டில் இருந்த பாட்டியை உனக்கு நினைவிருக்கும். எந்தப் படமானாலும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றுதான் பார்ப்பார். உட்காரச் சொன்னால், "அடுப்புல வேலை கெடக்கு" என்பார். தெருக்கூத்துக் காட்சி தொடங்கியதும் மட்டும் உள்ளே வந்து தரையில் அமர்ந்து, எச்சில் துப்பக்கூட எழுந்து போகாமல் கன்னத்தில் ஒதுக்கியபடியே, சிவாஜியின் கையசைவுக்குத் தம் விரல்களால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

அதே தீபாவளிக்கு வந்த 'படகோட்டி'யைப் பற்றி எழுதாவிட்டால் அப்பா இந்தக் கடிதத்தை அஞ்சலில் சேர்க்க மாட்டார். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட காலத்தில் நாங்கள் பார்த்த படம் அது. இடம் கிடைக்காத பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எம்.ஜி.ஆர். இடது கையால் அடிப்பதைப் பார்த்தார்கள். மீனவர்களை மோதவிட்டு ஆதாயம் காணும் முதலாளியாக நம்பியார் வரும்போதெல்லாம் திடலில் எழுந்த வசவுகள், ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் தோட்டத்துக் கணக்கர் கிராணி சொன்ன எடையை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு வந்தவர்களின் வசவுகள் என்பது எனக்கு ஆசிரியையான பிறகுதான் விளங்கியது. நல்ல படம்தான். இருந்தாலும் உன் நண்பர்களுக்கு அது வேண்டாம். அதை அப்பாவோடு உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

இனி எனக்குப் பிடிக்காதவற்றுக்கு வருகிறேன். உன் சிறுவயதுத் தீபாவளிகளில் ரஜினி படம் ஒன்றும் கமல் படம் ஒன்றுமாக இரண்டும் ஒரே நாளில் வெளிவருவது வழக்கம்போல் ஆகியிருந்தது. 1987இல் 'மனிதன்', 'நாயகன்'. 1991இல் 'தளபதி', 'குணா'. 1992இல் 'பாண்டியன்', 'தேவர் மகன்'. 1995இல் 'முத்து', 'குருதிப்புனல்'. டவுனில் இருந்த வீடியோ கடைக்குக் கேசட்டுகள் வந்து சேர்ந்ததும் ரஜினி படம் அன்றைக்கே கைமாறிப் போய்விடும். வேலை முடிந்து சாவகாசமாகப் போகும் அப்பாவைப் போன்றவர்களுக்குக் கமல் படம் காத்திருக்கும். அப்படித்தான் வீடு நிறைய விருந்தாளிகள் இருந்த ஒரு மாலையில் 'குணா' நம் கூடத்தில் ஓடியது. மனம் பேதலித்த ஒருவன் ஒரு பெண்ணை அபிராமி என்று நம்பிக் கடத்திக்கொண்டு போய்க் கொடைக்கானல் குகையில் வைத்திருக்கும் கதை. (அந்தக் குகைக்கு இன்று குணா குகை என்றே பெயர், 2024இல் வந்த மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் தெரியவைத்துவிட்டது.) நடிப்பிலும் இசையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் வந்து உட்கார்ந்த உன் பெரியப்பா, "இவர் ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறார்?" என்று கேட்டபோது, கூடத்தில் இருந்த ஒருவராலும் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதிரசத் தட்டு யாரும் தொடாமல் ஒரு சுற்று போய்த் திரும்பி வந்தது.

'நாயகன்' குண்டடியோடு முடிகிறது. 'தேவர் மகன்' சிறைக்குப் போகும் மகனோடு முடிகிறது. 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தை ஈப்போவில் உன் அக்காள் குடும்பத்தோடு பார்த்தோம். மேஜர் முகுந்த் வரதராஜனின் உண்மைக் கதை என்பதால் முடிவு என்னவென்று உள்ளே போகும்போதே தெரியும்; தெரிந்திருந்தும், செய்தி வந்த பிறகு சாய் பல்லவி நிற்கிற நிலையைக் கண்டு நானும் உன் அக்காளும் முந்தானை நனைய அழுதோம். மூன்று படங்களும் சிறந்தவை, ஐயமில்லை. சுமங்கலிகள் புதுப்புடவை கட்டி விளக்கேற்றி வைத்த நாளில் அவற்றைப் பார்க்க என் மனம் இடங்கொடுப்பதில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பிடிக்காதவற்றில் இன்னொரு வகையும் உண்டு. கதாநாயகன் நடந்து வருவதற்கே கால் மணி நேரம், அடியாட்கள் பறப்பதற்குக் கால் மணி நேரம், கடைசியில் நாட்டைத் திருத்தக் கேமராவைப் பார்த்து ஒரு சொற்பொழிவு. அந்தப் படத்தின் பெயரை எழுத முடியாது. ஆண்டுதோறும் வெவ்வேறு பெயரில் வருகிறது.

நான் எதிர்பாராமல் ரசித்தது 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, கதை முழுவதும் ஒரே இரவு என்று உன் அக்காள் சொன்னபோது முகத்தைச் சுளித்தேன். பல ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு, ஒரு முறைகூடப் பார்த்திராத தன் மகளைக் காணப் புறப்பட்டவனைக் காவல்துறை வழியில் மறித்து லாரி ஓட்ட வைக்கிறது. நடுவே அவன் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பிரியாணியை வைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வாரி வாரி உண்கிறான். வாய் நிறைந்திருக்கும்போதே கை அடுத்த கவளத்தைப் பிசைந்து தயாராக வைத்துக்கொள்கிறது. சோற்றை நெடுங்காலம் காணாதவனின் கை அப்படித்தான் இருக்கும். அந்த ஒரு காட்சியில் கார்த்தி என்னை வென்றுவிட்டார். படத்தில் அடிதடிக்குப் பஞ்சமில்லை என்றாலும், அப்பன் மகளைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே முடிச்சு தொடக்கத்திலிருந்து கடைசி வரை அவிழாமல் நிற்பதால், நடுவில் வருபவருக்கும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

மலேசியாவில் நடக்கும் கதை என்பதால் 'கபாலி'யைப் போடச் சொல்லி உன் நண்பர்கள் கேட்கலாம். அது தீபாவளிக்கு வந்ததன்று. 2016 ஜூலையில் வந்தது. நம் நாட்டுத் திரையரங்குகளில் காட்டியபோது, கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டதாக முடிவில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ரஜினியைக் கோட்டு சூட்டில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் பிள்ளைகள் எப்படிக் குண்டர் கும்பல்களிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அறிய வேண்டுமென்றால், சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் இயக்கிய 'ஜகாட்' படத்தைப் பார். ஒரு சிறுவனின் கதையாக, நட்சத்திரங்கள் இல்லாமல் எடுக்கப்பட்ட அந்தப் படம் 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதையும் விருந்து நாளில் போடாதே. வேறொரு நாள் தனியாகப் பார்.

உன் வீட்டுக்குச் சரவாக்கின் இபான் இன நண்பர்களும் சீன நண்பர்களும் வருவார்கள் என்பதால் என் ஏற்பாடு இது. அவர்கள் ஒவ்வொருவராக வந்து சேரும் நேரத்தில், மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியின் 1957ஆம் ஆண்டு நகைச்சுவைப் படமான 'புஜாங் லாப்போக்'கை ஓடவிடு. நோன்புப் பெருநாளுக்கு நாம் மலாய்க்கார வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் தொலைக்காட்சியில் ரம்லி படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். யாரும் முதலிலிருந்து பார்த்ததில்லை, யாரும் சிரிக்காமல் இருந்ததுமில்லை. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் நம்மவர் என்பதையும் அவர்களிடம் சொல். சாப்பாடு முடிந்ததும் 'முத்து'. ஜமீன் வீட்டில் குதிரை வண்டி ஓட்டும் வேலைக்காரன்தான் உண்மையான வாரிசு என்பது எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். ரகுமானின் பாடல்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1998இல் ஜப்பானிலேயே வெற்றிகரமாக ஓடிய படம் பிந்துலுவில் ஓடாதா? மலாய் சப்டைட்டில் உள்ளதாகப் பார்த்து எடு. எல்லோரும் போன பிறகு நெருங்கிய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் மிஞ்சியிருந்தால் 'கைதி'யைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் இரண்டு தகர டின்களில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். நெய் உருண்டை இருக்கும் டின்னைக் கவிழ்த்து வைக்காதே. உன் அக்காள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, 'முத்து'வுக்குப் பதிலாகத் 'தளபதி'யைப் போடச் சொல்லித் தானே உனக்குச் செய்தி அனுப்பப்போவதாக மிரட்டுகிறாள். அனுப்பினால் படித்துவிட்டுப் பேசாமல் இரு.

அன்புடன்,
அம்மா