வேதியியல் ஆய்வகத்தில் கண் கழுவத் தண்ணீர் வேண்டும்: கல்லூரி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் நம் கல்லூரியின் இரண்டாம் மாடி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மாணவியின் கண்ணில் காரக் கரைசல் தெறித்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதைப் பற்றிய விசாரணைக் குறிப்பு 'மாணவியின் கவனக்குறைவு' என்று முடிவதால்தான், 18 ஆண்டுகளாக அந்த அறையில் ஆய்வக உதவியாளராக இருக்கும் நான் இதை எழுத வேண்டியதாயிற்று.

அன்று முதலாமாண்டு மாணவியர் உப்புப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தார்கள். அம்மோனியம் இருக்கிறதா என்று அறிய, உப்புடன் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசலைச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். சோதனைக் குழாயின் அடிப்பகுதி மட்டும் சூடேறிவிட்டால் கரைசல் குபீரென்று பொங்கித் தெறிக்கும். எதிர் வரிசையில் இருந்த குழாயிலிருந்து அப்படித் தெறித்ததுதான் அந்த மாணவியின் வலது கண்ணில் விழுந்தது. இதில் அவளுடைய கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

"எரியுதுண்ணா" என்று அலறியவளைத் தாங்கிப் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் திருகினேன், காற்றுதான் வந்தது. கருவிகள் கழுவ வைத்திருந்த வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. அதைக் குவளையால் ஊற்றினேன். அது தீர்ந்ததும் தோழியர் தங்கள் குடிநீர்ப் பாட்டில்களைத் திறந்து நீட்டினார்கள். கீழ்த்தளத்திலிருந்து அடுத்த வாளி வந்து சேரும்வரை அந்தப் பெண் தன் இமைகளைத் தன் விரல்களாலேயே பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்கு ஆபத்தானது, ஏனெனில் அது திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அதனால்தான், 10 நொடியில் எட்டும் தூரத்தில் கண் கழுவும் குழாய் இருக்க வேண்டும், அதில் நிமிடத்துக்கு 1.5 லிட்டராவது வீதம் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் வர வேண்டும் என்று அமெரிக்கத் தரநெறி சொல்கிறது. அந்தக் கணக்குப்படி 22 லிட்டருக்கு மேல் தேவை. எங்களிடம் இருந்ததோ அரை வாளி.

கவனம் மட்டுமே போதும் என்றால் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் இறந்திருக்க மாட்டார். 1996 ஆகஸ்டில், கையுறை அணிந்து, புகைபோக்கிக் கூண்டுக்குள் வேலை செய்தபோது அவர் கையில் டைமெத்தில் மெர்க்குரி என்னும் கொடிய பாதரச நஞ்சு சில துளிகள் சிந்தின. அவை லேட்டக்ஸ் கையுறையை ஊடுருவிச் சென்றன. 1997 ஜூனில் அவர் இறந்தார். அத்தனை தேர்ந்தவருக்கே சரியான கையுறை தேவைப்பட்டது என்றால், 18 வயதுப் பிள்ளையிடம் 'கவனமாக இரு' என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

நம் ஆய்வகத்தின் வெளியேற்று விசிறி ஓடி இரண்டு ஆண்டுகளாகின்றன. உறிஞ்சுவதற்கான ரப்பர் குமிழ்கள் இல்லாததால் ஆக்சாலிக் அமிலத்தைப் பிள்ளைகள் இன்னமும் பிப்பெட் என்னும் அளவுக் குழாயில் வாயால்தான் உறிஞ்சுகிறார்கள். மதிப்பீட்டுக் குழு வரும் என்று சுவருக்கு வண்ணம் பூசப் பணம் இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி கேட்டு நான் கொடுத்த மூன்று கடிதங்களுக்குப் பதில்கூட வரவில்லை. மனவேதனையில் இதையும் சொல்லிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

நான் முதன்மையாகக் கேட்பது ஒன்றுதான். ஆய்வக வேளை முழுவதும் தண்ணீர் வரும் கண் கழுவும் குழாய் ஒன்றைப் பொருத்தித் தாருங்கள். அதற்கெனத் தனித் தொட்டி வைத்தால் மாடிக்குத் தண்ணீர் ஏறாத நேரத்திலும் பயன்படும். அது பொருத்தப்படும்வரை காரமும் அமிலமும் புழங்கும் செய்முறை வகுப்புகளை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த மாணவியின் கருவிழிப் புண் ஆறிவருகிறது, வெளிச்சம் பார்த்தால் இன்னும் கூசுகிறதாம். அடுத்த வாரம் அவள் வகுப்புக்குத் திரும்புகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஆய்வக உதவியாளர், வேதியியல் துறை