மாரிமுத்துவுக்கு, பயத்தங்காய் இலை பற்றி

புக்கிட் ரோத்தான்

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். நாம் ஓடித் திரிந்த லயத்தில் இப்போது ஆள் இல்லை. சுற்றிலும் செம்பனைதான்.

உன் கத்தரிச் செடிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. என் பயத்தங்காய்ப் பந்தலில் நடந்ததைச் சொல்கிறேன்.

கொடி நன்றாக ஏறிப் பூவும் விட்டது. அப்புறம் பார்த்தால், அடி இலைகளின் மேற்புறத்தில் குண்டூசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். மிளகுத்தூளைச் சிந்தியதுபோல அவ்வளவு நெருக்கம். நரம்புகள் மட்டும் பச்சையாகவே இருந்தன. சில நாளில் அந்த இலைகள் செம்பு நிறமாகி உதிர்ந்தன. தளிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலந்திப்பேன் என்று நினைத்து இரண்டு முறை மருந்து அடித்தேன். பேரப்பிள்ளைகள் பறித்துப் பச்சையாகவே கடிக்கிற காய், மாரி. அதை நினைத்தால் இன்னும் மனம் கேட்கவில்லை.

பிறகு, எனக்குப் பழக்கமான ஒரு விவசாய அதிகாரி வந்து பார்த்தார். இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டினார்; ஒரு பூச்சியும் விழவில்லை. புரட்டினார், கீழே நூலாம்படை இல்லை. ஓசோன் பட்ட காயம்போல இருக்கிறது என்றார்.

ஓசோன் மேலே வானத்தில் இருந்தால் நமக்குக் குடை. தரைக்குப் பக்கத்தில் இருந்தால் நஞ்சு. அது எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. வாகனப் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் வெந்து உண்டாவது. காற்று அதைப் பட்டணத்திலிருந்து தோட்டப் பக்கம் தள்ளிவிடும். பகலில் இலை தன் நுண்துளைகளைத் திறந்து வைக்கிறதே, அந்த வாசல் வழியாகவே நுழைந்து உள்ளே இருக்கும் செல்களைக் கொல்கிறது. அதிக நாள் மூச்சு விட்டது மூத்த இலை. அதனால் அதில்தான் முதலில் தெரியும். புள்ளியே விழாமல் விளைச்சல் மட்டும் குறைவதும் உண்டாம்.

லாஸ் ஏஞ்சலஸில் 1944இல் கீரை இலைகளின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல ஆனதாம். அது வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை என்று 1950களில்தான் ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். 2005 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? புகைமூட்டக் குறியீடு 500ஐத் தாண்டி, கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவித்தார்கள். நாம் முகமூடி மாட்டிக்கொண்டோம். செடிகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, உன் கத்தரிக்கு வருகிறேன். இலை வெளுத்திருக்கிறது என்றாய். உன் வீட்டுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் உடைக்கிறார்கள் அல்லவா? ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்துப் பார். அடியில் பச்சை தெரிந்தால் அது வெறும் தூசி; வெயிலை மறைத்து, துளைகளையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே போதும். பச்சை தெரியாமல், நரம்புக்கு இடையில் வெளிறியே இருந்தால் கந்தகப் புகையாகவும் இருக்கலாம். இலை ஓரம் மட்டும் கருகியிருந்தால் அதையும் எழுது.

அடி இலை ஒன்று, நுனி இலை ஒன்று பறித்து, பழைய நாளிதழில் தனித்தனியாக மடித்து அனுப்பி வை. அந்த விவசாய அதிகாரியிடமே காட்டிக் கேட்கிறேன். அதுவரை மருந்துப் பக்கமே போகாதே.

அன்புடன்,
சுப்பையா